ஏரிக்கரை முதல் ஒகேனக்கல் வரை: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

பறவை, விலங்கு பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது பற்றி நான்கு ஊர்க்காரர்கள் சொல்வது இது.

கிருஷ்ணகிரி:
பிள்ளைகளை முதன்முதலில் கூட்டிப்போகக் காடு வேண்டாம், ஏரிக்கரையே போதும். பொங்கலை ஒட்டி நான்கு நாள் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் கேட்டது எல்லாவற்றையும் இனவாரியாக எண்ணி, பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் பட்டியல் போனிலேயே இருக்கும், வீட்டுக்கு வந்து ஏற்றலாம்.

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். அதைவிட முக்கியம், கிழக்குக் கரையில் நிற்பது. வெயில் முதுகுப்பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். எதிர்க்கரையில் நின்றால் வாத்தும் நீர்க்காகமும் ஒரே கறுப்பு, கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சலித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எண்ணிக்கையில் அதிகம் குழப்புவது மடையான். உட்கார்ந்திருந்தால் மண் நிறம், எழுந்து பறந்தால் வெள்ளைச் சிறகு. ஒரே பறவையை மடையான் ஒன்று, கொக்கு ஒன்று என்று எழுதிவிடுவார்கள். திரும்ப இறங்கும்வரை பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். நாமக்கோழி சுலபம், நெற்றியிலேயே வெள்ளை நாமம் இருக்கிறது. பெருங்கூட்டம் என்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, மொத்தக் கூட்டத்தில் அந்த அளவு எத்தனை தடவை அடங்குகிறது என்று கணக்கிடலாம். குடும்பத்துக்கு ஒரே பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிருங்கள்.

ஓசூர்:
பைனாகுலர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு 8×32 நல்லது, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ. அகலம். 10× வாங்கினால் கை ஆட்டத்தில் பறவை ஓரிடத்தில் நிற்காது. முதலில் இரண்டு குழலையும் அவர்கள் கண் இடைவெளிக்கு மடக்குங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் படம் மங்கும், தலை வலிக்கும், பிள்ளை அதற்கப்புறம் அதைத் தொடாது. பறவையைத் தேடுமுன் தூரத்துக் கரண்டு கம்பத்தைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள்.

ஏரி தளும்பி நின்றால் உள்ளான் பறவைகளைத் தேடாதீர்கள். அவை இரை பொறுக்கச் சேற்று விளிம்பு வேண்டும். தண்ணீர் இறங்கிய பிறகு பிப்ரவரியில் போங்கள்.

பென்னாகரம்:
ஒகேனக்கல்லில் எல்லோரும் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆற்றோர மருத மரங்களை அண்ணாந்து பாருங்கள், சாம்பல் நிற மலை அணிலுக்கு அதுதான் வீடு. கிளையோடு கிளை தொடுகிற இடமாகப் பார்த்துத் தேட வேண்டும், அது தரையிறங்கத் தயங்கும். முதலைப் பண்ணையில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டதென்று சிலர் கல்லெறிகிறார்கள். தயவுசெய்து தடுங்கள். அது உடல் சூட்டைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறது. காவிரியிலும் முதலை உண்டு, குளிக்க விட்ட இடம் தவிர வேறெங்கும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

பரிசலில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். கர்நாடகத்தில் தண்ணீர் திறந்து வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை:
பென்னாகரம் அண்ணன் சொன்ன ஆற்றோரம் தாண்டி அஞ்செட்டி வழியாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கம் காவிரி வடக்கு, தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாக இறங்கும். இருட்டுமுன் காட்டுச் சாலையைக் கடந்துவிடுங்கள்.

சாலையில் யானை நின்றால் நூறு மீட்டருக்கு முன்பே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம், செல்ஃபிக்கு இறங்கவே வேண்டாம். பின்னால் வரும் வண்டி ஒட்டி நின்றால் ரிவர்ஸ் எடுக்க வழியிருக்காது, அதனால் இடம் விட்டு நிற்கச் சைகை காட்டுங்கள். கூட்டம் கடந்ததும் உடனே கிளப்பாதீர்கள். குட்டியோடு ஒன்று பின்தங்கி வரலாம், நடுவில் வண்டி புகுந்தால் தாய் திரும்பி வரும்.