பெரியப்பா ஓபி அடிக்கவில்லை

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். உங்கள் பெரியம்மாவின் காதுக் கருவி ஒரு வாரமாக விசில் அடிக்கிறது. போன மாதம் செந்தில் என்னை இணையத்தில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டான் இல்லையா, காதுக் கருவி போடுபவர்கள் பேசிக்கொள்ளும் இடம், அதில் கேட்டேன். வந்த பதில் ஒன்றும் புரியவில்லை. மனசுக்கும் கஷ்டமாக இருக்கிறது.

பெரியப்பா: ஒருவர் "ஓபி இன்னும் மாடல் பெயர் சொல்லவில்லை" என்கிறார். இன்னொருவர் "ஓபி முதலில் மேலே இருப்பதைப் படிக்கட்டும்" என்கிறார். 36 வருடம் வேலை பார்த்தேன், ஒரு நாள் ஓபி அடித்தவன் இல்லை. முகம் தெரியாதவர்கள் இப்படி எழுதலாமா?

செந்தில்: ஐயோ பெரியப்பா

மீனா அக்கா: 😄😄

மீனா அக்கா: உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை பெரியப்பா. மன்னியுங்கள்

அம்மா: அத்தான், அக்காவுக்கு இப்போது கேட்கிறதா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்

பெரியப்பா: விசில்தான் கேட்கிறது. அவளுக்கு இல்லை, எனக்கு.

கவிதா: பெரியப்பா, அது திட்டே இல்லை. ஓபி என்றால் "ஒரிஜினல் போஸ்டர்", அதாவது முதலில் கேள்வி போட்டவர். உங்களைத்தான் சொல்கிறார்கள். ஒரே கேள்விக்குக் கீழே 20 பேர் பேசும்போது யார் கேட்டது யார் பதில் சொல்வது என்று குழம்பாமல் இருக்க அப்படி எழுதுவது வழக்கம். மாடல் பெயரைக் கேட்பதும் உங்களுக்கு உதவத்தான், அது தெரியாமல் அவர்களால் எதுவும் சொல்ல முடியாது. அவர்கள் எழுதியதை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: [படம்]

சித்தப்பா: அண்ணா, மூன்றும் ஒரே படம்

பெரியப்பா: போகவில்லை என்று நினைத்தேன். சரி, "ஐஎம்ஓ காது அச்சுதான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐஎம்ஓவில் கூப்பிடச் சொல்கிறாரா? அந்த ஆப் என்னிடம் இல்லை.

செந்தில்: அது "என் கருத்தில்" பெரியப்பா. அழைப்பு இல்லை. காது அச்சு என்பது கருவியில் காதுக்குள் வைக்கும் பகுதி

பெரியப்பா: "மாட் பூட்டிவிட்டார்"?

செந்தில்: மாட் = மாடரேட்டர். குழுவைப் பார்த்துக்கொள்பவர். மாடு இல்லை

சித்தப்பா: அண்ணனை மாடு என்று சொல்ல இந்த வீட்டில் எங்கள் அம்மாவுக்குத்தான் உரிமை இருந்தது

அம்மா: அத்தை இருந்திருந்தால் அந்த மாட் யாரென்று தேடிப் போயிருப்பார்

கவிதா: பூட்டியதற்கு, அதாவது உங்கள் கேள்விக்குக் கீழே இனி யாரும் எழுத முடியாமல் செய்ததற்கு, காரணம் தெரிகிறது பெரியப்பா. காலை 7 மணியிலிருந்து ஒரே கேள்வியை நான்கு முறை போட்டிருக்கிறீர்கள், நடுவில் "யாராவது பதில் சொல்லுங்கள்" என்று இரண்டு முறை. அப்படி எழுதினால் கேள்வி மறுபடி பட்டியலின் மேலே வந்து உட்கார்ந்துவிடும், மற்றவர்கள் கேட்டது கீழே போய்விடும். அதை "பம்ப்" செய்வது என்பார்கள், பல இடங்களில் பிடிக்காது. ஒருமுறை போட்டுவிட்டு ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். பதில் சொல்பவர்கள் உலகத்தின் எந்தப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார்களோ. அப்புறம், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறீர்கள். அது கத்துவது போல.

பெரியப்பா: கண் தெரிய வேண்டும் என்றுதான் பெரிய எழுத்தில் போட்டேன். நான் யாரிடம் கத்தினேன்?

மீனா அக்கா: பாவம்

கவிதா: எனக்குத் தெரியும் பெரியப்பா, அவர்களுக்குத் தெரியாது. இது பழைய வழக்கம். இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று 1995 அக்டோபரில் ஆர்எஃப்சி 1855 என்று ஒரு வழிகாட்டி வந்தது, அதிலேயே பெரிய எழுத்து கத்துவது போலத் தெரியும் என்று இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு இல்லாததால் நமக்கு அது உறைப்பதில்லை. நம் மரியாதையும் கோபமும் வேறு இடத்தில் இருக்கிறது. "நீ" என்றா "நீங்கள்" என்றா, "சரி" என்றா "சரிங்க" என்றா, அல்லது வெறும் "ம்". அந்த "ம்" எவ்வளவு குத்தும் என்று நமக்குத் தெரிகிற மாதிரி அவர்களுக்குப் பெரிய எழுத்து. எழுத்தில் முகம் தெரியாது என்பதுதான் மொத்தப் பிரச்சினையும். 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில் லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று வேடிக்கையாக ஒருவர் எழுதப்போய், சிலர் நிஜ எச்சரிக்கை என்றே நம்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஸ்காட் ஃபால்மன் என்பவர் செப்டம்பர் 19 அன்று, விளையாட்டாகச் சொன்னால் :-) என்று போடுங்கள் என்றார்.

செந்தில்: கவிதா, டிஎல்டிஆர்

பெரியப்பா: அதுவும் எனக்கு வந்திருக்கிறது!

செந்தில்: "ரொம்ப நீளம், படிக்கவில்லை" பெரியப்பா

பெரியப்பா: அவளுக்குக் காது மந்தமானதிலிருந்து எல்லாம் எழுதினேன். முழு விவரம் வேண்டாமா?

கவிதா: வேண்டும், ஆனால் கேள்வி கடைசியில் இருக்கிறது. முதல் இரண்டு வரியில் கருவியின் மாடல், என்ன கோளாறு, எப்போதிலிருந்து. மற்றதெல்லாம் கீழே. செந்திலுக்கு ஒன்று: புதிதாக வந்தவரிடம் அந்தச் சுருக்கத்தை எறிவது எனக்குப் பிடிப்பதே இல்லை. அவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தட்டியிருப்பார்.

அம்மா: சனிக்கிழமை அக்காவைக் காது பரிசோதனைக்கு யார் அழைத்துப் போவது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை

மீனா அக்கா: எனக்கு அன்று வேலை. ஞாயிறு என்றால் முடியும்

சித்தப்பா: ஞாயிறு திறந்திருக்காது

பெரியப்பா: இன்னொன்று. "கொஞ்ச நாள் லர்க் செய்யுங்கள்" என்று ஒருவர் சொல்கிறார்.

கவிதா: பேசாமல் படித்துக்கொண்டிருப்பது. அந்த 1995 வழிகாட்டியும் ஒன்றிரண்டு மாதம் படித்த பிறகு எழுதச் சொல்கிறது.

பெரியப்பா: விசில் அடிக்கிற கருவியோடு இரண்டு மாதம் உட்காரவா?

கவிதா: வேண்டாம் பெரியப்பா, நீங்கள் சொல்வது சரிதான். அது அரட்டைக்கும் விவாதத்துக்கும் பொருந்தும், அவசரத்துக்குப் பொருந்தாது. குழுவின் மேலே எப்போதும் தெரியும்படி ஒட்டி வைத்திருக்கும் பதிவைப் படித்து, "விசில்" என்று தேடிப் பார்த்துவிட்டு, அப்படியும் கிடைக்காவிட்டால் கேளுங்கள். தேடிப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதினால் அவர்கள் தொனியே மாறும். யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வருவார்கள், கொஞ்ச நாளில் பழகிவிடுவார்கள். பிறகு பொதுமக்களும் வரத் தொடங்கி, புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. அதனால் 1993 செப்டம்பரை முடிவே இல்லாத செப்டம்பர் என்று பழையவர்கள் அலுத்துக்கொண்டார்கள். வருகிறவரைத் தொல்லையாகப் பார்க்கும் பெயர் அது. அவர்களும் ஒரு நாள் தெரியாமல் வந்தவர்கள்தானே.

செந்தில்: நம் குழுவிலும் ஒரு லர்க்கர் உண்டு. இரண்டு வருடமாக

மீனா அக்கா: செந்தில் சும்மா இரு

சித்தப்பா: நான் சொல்லிவிடுகிறேன். சித்ரா அக்கா, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக நீ எழுதிய அன்று நான் 👍 மட்டும் போட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டேன், வருகிறேன் என்ற அர்த்தத்தில் போட்டது. நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று யோசிக்கவில்லை.

அம்மா: இப்போது அது வேண்டாம்

சித்ரா அத்தை: அண்ணா, அண்ணி கருவியை முழுக்க உள்ளே தள்ளிப் போடுகிறார்களா என்று பாருங்கள். காதுக்கும் அச்சுக்கும் இடையே இடைவெளி இருந்தால் உள்ளே போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்கில் ஏறும், அதுதான் விசில். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் வரும். குச்சி எதுவும் விடாதீர்கள், அங்கேயே எடுப்பார்கள்.

பெரியப்பா: சித்ரா!

மீனா அக்கா: அத்தை ❤️

சித்ரா அத்தை: சனிக்கிழமை நான் அண்ணியோடு போகிறேன். அந்தக் கட்டைவிரல் விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம், இங்கே வேண்டாம்.

பெரியப்பா: கவிதா, இது சரியா பார். "வணக்கம். நான் புதியவன். காலையில் பலமுறை போட்டதற்கு வருந்துகிறேன், பெரிய எழுத்து பார்வைக்காக. மாடல் பெயர் கீழே. விசில் ஒரு வாரமாக. பழைய பதில்களைத் தேடினேன்."

கவிதா: மிகச் சரி. ஆனால் தேடினீர்களா?

பெரியப்பா: தேடுகிறேன், பிறகு போடுகிறேன்.

அம்மா: சித்ரா, சனிக்கிழமை 9 மணியா 10 மணியா? அக்கா கேட்கிறார்

சித்தப்பா: 👍

மீனா அக்கா: சித்தப்பா, எதற்கு 👍? எழுதுங்கள்

சித்தப்பா: வண்டி எடுத்து வருகிறேன் என்றேன். நேரம் காலையில் சொல்கிறேன்.