புதுப்பிப்பு: பழைய காரில் விட்டுவிட்டு இழுவை குறைந்த சிக்கல் தீர்ந்தது

அரை மணி நேரம் ஓடிய பிறகு மேடு ஏறும்போது என் பழைய பெட்ரோல் காரின் எஞ்சின் திடீரென இழுவை இழக்கிறது என்றும், சற்று நேரம் நிறுத்தி வைத்தால் தானாகவே சரியாகிவிடுகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றியும் பயனில்லை. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலும் குறையில்லை. கோளாறு வரும் நேரத்திலேயே எரிபொருள் அழுத்தத்தை அளக்கச் சொன்ன யோசனைதான் வழிகாட்டியது. மானியை இணைத்து ஓட்டியபோது, 3 பார் அழுத்தத்தில் நிற்க வேண்டிய முள், இழுவை குறைந்த அதே கணத்தில் 1.5 பாருக்குக் கீழே இறங்கியது. எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்தான் பழுது என்று நினைத்து, உடனே புதியது வாங்க இருந்தேன். அதற்கு முன் பம்புக்குப் போகும் மின்னழுத்தத்தையும் பார்க்குமாறு ஒருவர் எழுதியிருந்தது நல்லதாயிற்று: பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பம்பின் முனைகளில் 10 வோல்ட்கூட இல்லை.

நான் சற்றும் எதிர்பாராத இடத்தில் காரணம் இருந்தது. பின் இருக்கைக்கு அடியில், பம்பின் எர்த் வயர் காரின் பாடியோடு சேரும் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பம்ப் கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறியிருந்தது. அந்த இணைப்பு சூடாகச் சூடாக மின்தடை கூடி, பம்ப் மெதுவாகச் சுழன்றிருக்கிறது. போல்ட் இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, கனெக்டரையும் மாற்றிய பின், மூன்று வாரமாக எந்த மேட்டிலும் தடுமாற்றம் இல்லை. இத்தனைக்கும் காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ஒருமுறைகூடப் பிழைக் குறியீடு பதிவாகவில்லை.