புதுப்பிப்பு: உயர்த்திய ஹைலக்ஸின் எலைன்மன்ட் (சில்லுகளின் கோணச் சீரமைப்பு)

என் ஹைலக்ஸ் பிக்கப்பின் முன் சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்திய பிறகு ஏ9 வீதியில் வண்டி அலைகிறது, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்புவதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். "ரயரை மாத்திப் பார் தம்பி" என்ற அண்ணைமாருக்கு நன்றி. பிரச்சினை அதில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் முதலில் போன கராஜில் டோவை (மேலிருந்து பார்த்தால் முன் சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். ரயர் ரம்பப்பல் மாதிரித் தேய்வது நின்றது, அலைச்சல் நிற்கவில்லை. கோளாறு காஸ்டரில், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணத்தில். திருப்பிய ஸ்டியரிங்கை நேருக்குக் கொண்டுவருவது அதுதான். உயர்த்தியதில் அது 0.8 பாகைக்கு இறங்கியிருந்தது. சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் (லோவர் ஆர்ம்) கோணத்தை மாற்றும் கேம் போல்ற்றுகளை முடிந்தமட்டும் திருப்பியும் 1.6தான். (ஒன்று துருவேறி இறுகி, அசைக்கவே அரைநாள்.) காஸ்டர் கூட்டித்தரும் வேறு மேல் கைகளை (அப்பர் ஆர்ம்) பூட்டிய பிறகு 3.1. அப்புறம்தான் டோ, காஸ்டரைத் தொட்டால் அதுவும் மாறிவிடும்.

நேற்று ஆனையிறவு வரை ஓடினேன், நேரே போகிறது. ஹெட்லைற்தான் இன்னும் எதிரே வருபவர்களின் கண்ணைக் குத்துகிறது, அதை இறக்க வேண்டும்.