பெரியம்மாவின் ராசாத்தி

சிங்கப்பூர், ஈசூனிலிருந்து ஒரு கடிதம்:

பெரியம்மா போய்வரும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சில மாதங்கள் 'பாரோ' என்ற சீல் (கடல்நாய்) குட்டி ரோபோ இருந்தது. ஜப்பானில் பொறியாளர் தக்கனோரி ஷிபாட்டா 1993இல் உருவாக்கத் தொடங்கியது. வெள்ளை ரோமம், ஏறக்குறைய 2.7 கிலோ, மடியில் போட்டால் பச்சைக் குழந்தையின் கனம். தடவினால் கண்ணை மூடித் திறக்கும், மெல்ல முனகும். சார்ஜ் ஏற்றும் முனைகூடக் குழந்தையின் சூப்பான் மாதிரி.

பெரியம்மாவுக்கு முதுமை மறதி. என் பெயர் வாயில் வருவதில்லை. ஆனால் அந்தச் சீல் குட்டிக்கு ராசாத்தி என்று பெயர் வைத்து, ஒரு கவளம் சோற்றை அதன் வாயருகே கொண்டுபோவார். பார்த்த அன்று எனக்குக் கோபம் வந்தது, வயதானவரை இப்படி ஏமாற்றுகிறார்களே என்று. "பெரியம்மா, இது நிஜமா?" என்று கேட்டேன். "பொம்மைதான்டா தம்பி. ஆனா தூங்குது பாரு" என்றார். சரி, அவருக்குத் தெரிந்தேதான் இருக்கிறது. கோபம் அடங்கிவிட்டது. அப்புறம் நானே, ராசாத்தி இருக்கிறாளே என்று வாரம் மூன்று முறை போனதை ஒன்றாகக் குறைத்தேன். அது என் தவறு.

ஒருநாள் ராசாத்தி இல்லை. இரவல் காலம் முடிந்ததாம். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு வாரம் பெரியம்மா மடித்த துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "புள்ள எங்க?" என்று கேட்டபடியே இருந்தார். சோனி நிறுவனம் 2006இல் ஐபோ ரோபோ நாயின் தயாரிப்பையும், 2014இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தியபின், ஜப்பானில் ஈசுமி ஊரின் கோஃபுகுஜி கோயிலில் அவற்றுக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். படித்தபோது மிகையாகத் தோன்றியது. அந்தத் துண்டைப் பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை. பாசம் வைக்க விட்டவர்கள், பிரிவையும் யோசித்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர், தோ பாயோவிலிருந்து ஒரு பதில்:

படித்ததும் மனது கனத்துவிட்டது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்களிடமும் பாரோ இருந்தது. திருப்பி அனுப்பும் முன் ஒரு வாரம், தினமும் கொஞ்ச நேரம் குறைத்தோம். கடைசி நாளில் எல்லாரும் தடவிக்கொடுத்து, "போய்ட்டு வா" என்றார்கள். கேட்டால் இயந்திரம் என்று சொல்வோம், கேட்காதவரிடம் நாங்களாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரு தாத்தா மட்டும் அதை உயிருள்ளது என்றே நம்பியிருந்தார். ஒருநாள் இரவு, "இதுக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டார். இயந்திரம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அதைத் தொடவில்லை. அன்று வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.