வெள்ளிக்கிழமைக்குள்ள வோல்டா அடுக்கு எரியணும்

சித்தப்பா: அண்ணே, நிலாவோட பேட்டரி அடுக்கு எரியவே இல்ல. வெள்ளிக்கிழமை கண்காட்சி. செம்புத் தகடு, துத்தநாகத் தகடு, நடுவுல உப்புத்தண்ணியில நனைச்ச அட்டை, இப்படி 10 ஜோடி அடுக்கி வெச்சிருக்கா

கார்த்தி: போட்டோ?

சித்தப்பா: (புகைப்படம்)

பெரியப்பா: பக்கவாட்டைப் பாரு, உப்புத்தண்ணி வழிஞ்சு பளபளன்னு இருக்கு. கோளாறு அதுதான். மேல இருக்கிற தகடுகளோட கனம் அடி அட்டையைப் பிழியுது. வழியிற தண்ணி ஒரு ஜோடியையும் அடுத்ததையும் இணைச்சிடும், பல்புக்குப் போக வேண்டிய கரண்ட் அதுலயே ஓடிடும். 1800-ல விஞ்ஞானி வோல்டாவோட அடுக்குலயே இந்தத் தொல்லை உண்டு. அப்புறம் வேதியியலாளர் குரூக்‌ஷாங்க் தகடுகளை மரத்தொட்டியில படுக்கவாட்டுல அடைச்சார்

அத்தை: அண்ணா, தொட்டியெல்லாம் வேண்டாம். இப்ப என்ன செய்யணும்?

பெரியப்பா: 6 ஜோடி போதும். அட்டையைத் தகட்டைவிட 2 மி.மீ. சின்னதா வெட்டு. உப்பு கரையாம அடியில தங்குற வரைக்கும் போட்ட தண்ணியில ஊற வை. எடுத்து விரலால அழுத்தினா சொட்டக்கூடாது. தகட்டோட ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய், ஓரத்தைத் துடை. செம்பு, அட்டை, துத்தநாகம். அது மேல நேரா அடுத்த செம்பு, நடுவுல அட்டை வரக்கூடாது

கார்த்தி: எல்.ஈ.டி. என்ன கலர்?

நிலா: வெள்ளை

கார்த்தி: சிவப்பு மாத்து. வெள்ளைக்கு 3 வோல்ட் கிட்ட வேணும், சிவப்புக்கு 1.8 போதும். நீளக்கால் அடிச்செம்புல

அத்தை: அம்மாவோட காது மெஷின் பேட்டரியும் துத்தநாகம்தானே? ஸ்டிக்கரை உரிச்சு வெச்சிருக்காங்க, சீக்கிரம் தீருது

பெரியப்பா: உரிச்சதும் காத்து உள்ள போய் வேலை ஆரம்பிச்சிடும். திருப்பி ஒட்டினாலும் நிக்காது. போடுறப்பதான் உரிக்கணும், ஒரு நிமிஷம் விட்டுப் போடணும். அம்மாகிட்ட எத்தனை தடவை சொல்றது

சித்தப்பா: நான் சொன்னா மட்டும் கேப்பாங்களா

நிலா: பெரியப்பா, சார்ட்ல "இரண்டு உலோகம் தொடுவதால் மின்சாரம்"னு எழுதிட்டேன்

பெரியப்பா: அது வோல்டா நம்பினது கண்ணு. துத்தநாகம் கரையிறதாலதான் வருது, அதை மாத்திடு. அதுக்கு முன்னாடி மின்சாரத்தைச் சேமிச்ச லெய்டன் ஜாடி ஒரே பொறியில தீர்ந்துடும். நிக்காம ஓடுற கரண்ட் வோல்டா அடுக்குலதான் கிடைச்சுது. அதனாலதான் அதே 1800-ல இங்கிலாந்துல நிக்கல்சனும் கார்லைலும் தண்ணியை ஹைட்ரஜன், ஆக்சிஜனாப் பிரிக்க முடிஞ்சுது. 1807-ல வேதியியலாளர் டேவி இதே மாதிரி கரண்ட்டை வெச்சு பொட்டாசியமும் சோடியமும் எடுத்தார். இதைப் பெருசா எழுது

நிலா: சரி பெரியப்பா

கார்த்தி: எரிய விட்டே வெக்காத நிலா. செம்புல ஹைட்ரஜன் குமிழ் படிஞ்சு மங்கிடும். ஆள் வர்றப்ப மட்டும் ஒயரைத் தொடு

பெரியப்பா: முதல்ல ஒவ்வொரு ஜோடியா அளந்து பாரு. 0.7 வோல்ட் கிட்ட காட்டணும். என் மல்டிமீட்டர் உங்க வீட்டுலதான் இருக்கு

சித்தப்பா: போன வருஷமே கொடுத்தாச்சுண்ணே

பெரியப்பா: எப்ப?

அத்தை: மறுபடியும் ஆரம்பிக்காதீங்க ரெண்டு பேரும்

கார்த்தி: என்கிட்ட ஒண்ணு இருக்கு, பேட்டரி செத்திருக்கு. பாக்குறேன்

நிலா: 6 வெச்சேன். லேசா எரியுது!!

பெரியப்பா: லைட்டை அணைச்சிட்டுப் பாரு. எந்த ஜோடி மேல ஈரம்?

நிலா: அடியில ரெண்டு

பெரியப்பா: அந்த அட்டை ரெண்டையும் மாத்து. வியாழக்கிழமை சாயங்காலம் வரப் பாக்குறேன்