பப்ளிக் எங்கேஜ்மென்ட்: ‘ஈடுபாடு’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

அறிவியல் கொள்கை பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர் ‘பப்ளிக் எங்கேஜ்மென்ட்’ (முடிவெடுப்பதில் மக்களையும் சேர்த்துக்கொள்வது) என்பதற்கு இங்கே தமிழ்ச் சொல் கேட்டு நான்கு நாளாகிறது. ஈடுபாடு, பங்கேற்பு, மக்கள் தொடர்பு, கருத்துக் கேட்பு, கலந்தாய்வு என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எனக்கு ஐந்திலும் ஏதோ இடிக்கிறது.

> ‘பொதுமக்கள் ஈடுபாடு’ என்றே வைத்துவிடலாமே. பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் சிக்கல், ஐயா. ஈடுபாடு மனம் சார்ந்தது. இசையில் ஈடுபாடு, படிப்பில் ஈடுபாடு என்கிறோம். ‘அறிவியல் கொள்கையில் பொதுமக்கள் ஈடுபாடு குறைவு’ என்று எழுதினால், மக்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் யாரும் படிப்பார்கள். மூலக் கட்டுரை சொல்ல வருவதோ, மக்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்பது. பழி இடம் மாறிவிடுகிறது. சரி, ‘ஈடுபடுத்தல்’ என்று பிறவினையாக்கினால்? அப்போது ஈடுபடுத்துபவர் ஒருவர், ஈடுபடுத்தப்படுபவர்கள் மக்கள். வேலை வாங்குவது போல ஒலிக்கிறது.

இந்தத் துறையே இந்தச் சறுக்கலில் விழுந்து எழுந்ததுதான். 1985இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி, வால்டர் பாட்மர் தலைமையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், விஞ்ஞானிகள் இறங்கிவந்து விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் போக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது: மக்களிடம் இருப்பது அறிவுப் பற்றாக்குறை, அதை நிரப்பிவிட்டால் எதிர்ப்பு அடங்கிவிடும். அப்புறம் மாடுகளின் மூளையைத் தாக்கும் மாட்டுப் பித்து நோய் வந்தது. மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த அரசு, மனிதர்களுக்கும் அது பரவியிருக்கக்கூடும் என்று 1996இல் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2000இல் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையின் அறிவியல் குழு, இது நம்பிக்கை நெருக்கடி, இனி உரையாடல் வேண்டும் என்று எழுதியது. ‘புரிதல்’ போய் ‘எங்கேஜ்மென்ட்’ வந்து உட்கார்ந்தது இந்தத் திருப்பத்தில்தான். ஆகவே ‘விழிப்புணர்வு’, ‘பரப்புரை’, ‘மக்கள் தொடர்பு’ மூன்றும் 1985ஐச் சேர்ந்தவை. தள்ளிவிடலாம்.

எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வட இங்கிலாந்தின் கம்பிரியா பகுதி ஆட்டுக்காரர்கள் கதையைச் சொல்கிறேன். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் பெய்த மழையோடு கதிரியக்க சீசியம் அங்குள்ள மலைகளில் இறங்கியது. ஆடுகளை விற்கத் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், புல்லுக்கு ஏறாது என்பது அவர்கள் கணக்கு. மலையில் இருந்ததோ மட்கிய தாவரங்களாலான, அமிலத்தன்மை கொண்ட கரிமண். அதில் சீசியம் மீண்டும் மீண்டும் புல்லுக்கு ஏறி ஆட்டுக்குள் போனது. சீசியத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண்ணைத் தூவிப் பார்க்கிறோம் என்று ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். ‘திறந்த மலையில் மேய்கிற ஆடு, அடைத்தால் இளைத்துவிடும், உங்கள் அளவீடு தப்பாகும்’ என்று மேய்ப்பர்கள் எச்சரித்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பின்னர் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். மூன்று வாரத் தடை கடைசிப் பண்ணைகளிலிருந்து நீங்கியது 2012இல்.

இங்கே மேய்ப்பர்களுக்கு ஈடுபாடு குறைவா? தகவல் குறைவா? அவர்களிடம் இருந்தது அறிவு. அதை வாங்கிக்கொள்ள எதிர்த்தரப்பில் கை நீளவில்லை. நாம் தேடும் சொல்லில் அந்தக் கையும் தெரிய வேண்டும்.

> ‘கருத்துக் கேட்பு’ என்றால் அரசு வழக்கிலேயே இருக்கிறது.

இருக்கிறது. ‘கேள்’ என்பதற்கு வினவு, செவிகொடு என்று இரண்டு பொருளும் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் வழக்கில் முதல் கேள் நடக்கும், இரண்டாவது கேள் நடக்காது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். கருத்துக் கேட்பு அதில் நான்காவது படி, வெறும் ஒப்புக்குச் செய்யும் வகையில் வைத்திருக்கிறார். ஒரு படியின் பெயரை ஏணிக்கே வைக்க முடியாது. ‘கலந்தாய்வு’ சொல்லமைப்பில் அருமையானது, ஆனால் கல்லூரி இடம் ஒதுக்குவோர் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மிஞ்சுவது பங்கேற்பு. அதிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ‘ஏற்றல்’ என்றால் யாரோ கொடுக்க வேண்டும். ‘பங்கெடுப்பு’ என்றால் தானே எடுத்துக்கொள்வது. ஆகவே என் பரிந்துரை ‘மக்கள் பங்கெடுப்பு’.

குடிமக்களைக் கூட்டி விவாதிக்க வைக்கும் குழுவுக்கு என்ன பெயர் என்ற கிளைக் கேள்விக்கும் பதில்: டென்மார்க்கில் 1987 முதல் சாதாரண குடிமக்களைக் கூட்டி அறிவியல் பிரச்சினைகளை விவாதிக்கச் சொன்னார்கள். பிரான்சில் 2019–20இல் குலுக்கலில் எடுத்த 150 பேர் காலநிலைக் கொள்கை பற்றிப் பரிந்துரைத்தார்கள். இத்தகைய குழுவை ‘குடவோலைக் குழு’ என்று அழைக்கலாம் என்ற யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் குடவோலையில் பெயர் எழுத நிலம், சொந்த வீடு எல்லாம் வேண்டும். இங்கே யாரும் வரலாம் என்பதுதான் விஷயமே. ‘குலுக்கல் குழு’ போதும்.

அன்புடன்.

---

> மிஞ்சுவது பங்கேற்பு.

‘உசாவல்’ இருக்கிறதே! வினவுதல், கலந்து ஆராய்தல் இரண்டும் அதில் உண்டு. நீங்கள் சொன்ன இரண்டு கேளும் ஒரே சொல்லில். மேற்கோள் நூல் என்ற பொருளில் ‘உசாத்துணை’ ஏற்கெனவே புழங்குகிறது. அப்புறம், ‘பங்கேற்பு’ பற்றிய உங்கள் வாதம் கொஞ்சம் அதிகம். பொறுப்பேற்கிறோம், தலைமையேற்கிறோம். அதெல்லாம் கையேந்துவதா?

---

பொறுப்பேற்பு வாதத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ‘எடுப்பு’ என் காதுக்குக் கூடுதல் வலு. ‘உசாவல்’ நல்ல சொல், எங்கள் வீட்டில் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேர் போலீஸ் விசாரணை என்று நினைத்தார்கள். முடிவெடுக்கும் முன் இருதரப்பும் அமர்ந்து பேசும் அந்தக் கட்டத்துக்கு மட்டும் அதை வைக்கலாமா? பங்கெடுப்பு பெரிய குடை, அதன் கீழ் அறிவிப்பு, கருத்துக் கேட்பு, உசாவல்.

---

சொல் கேட்டவன் எழுதுகிறேன். கட்டுரையில் ஐந்து இடத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கில் ‘மக்கள் பங்கெடுப்பு’ சிரமமில்லாமல் உட்கார்ந்தது. ஐந்தாவது ஒரு பதவிப் பெயர், ‘எங்கேஜ்மென்ட் ஆபீசர்’. ‘பங்கெடுப்பு அலுவலர்’ என்றால் யாரோ பாகப்பிரிவினைக்கு வந்தவர் போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

---

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கட்டுரையில் இருக்கிறதா? துண்டறிக்கை அச்சடித்துக் கொடுப்பவர் என்றால் ‘மக்கள் தொடர்பு அலுவலர்’ என்றே போட்டுவிடுங்கள்.