போலி ஜேர்னல்களை இனங்காண விளையாட்டு: யாராவது செய்து பார்த்தீர்களா?

கொக்குவில்_லைப்ரரி:
யாழ்ப்பாணத்தில் முதுமாணி செய்பவர்களுக்கு அரைநாள் பட்டறை ஒன்று நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். காசை வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கிற ஜேர்னல்களை (ஆய்விதழ்களை) எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் விடயம். ஸ்லைட் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் நித்திரை. அதனால் ஒரு அட்டையில் (காட்) ஒரு ஜேர்னல், நல்லதா போலியா என்று சரியாகச் சொன்னால் புள்ளி, இப்படிச் செய்யலாமா?

பனங்கூடல்:
சப்பென்று போய்விடும் அக்கா. அவர்களையே மோசடிக்காரர் ஆக்குங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு போலி ஜேர்னலுக்குப் பெயர் வைத்து, அழைப்பு மின்னஞ்சல் எழுதி, பக்கத்துக் குழுவை ஏமாற்ற வேண்டும். நெல்லில் ஆய்வு செய்கிறவருக்கு இருதயநோய் ஜேர்னலில் இருந்து “மாண்புமிகு பேராசிரியரே” என்று கடிதம், மூன்று நாளில் மதிப்பாய்வு (துறை வல்லுநர்கள் கட்டுரையைச் சரிபார்ப்பது) முடியும் என்ற வாக்குறுதி, கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே வரும். ஒருதரம் தானே எழுதிப் பார்த்தவர் அடுத்த முறை இன்பொக்ஸில் அதைக் கண்டதும் பிடித்துவிடுவார்.

வடலி:
ஜோன் பொஹனன் என்ற அறிவியல் செய்தியாளர் 2013இல் சயன்ஸ் சஞ்சிகைக்காகச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். லைக்கனில் எடுத்த மூலக்கூறு புற்றுநோய்க் கலங்களைத் தடுக்கிறது என்று, வேண்டுமென்றே பிழை வைத்த கட்டுரையை 304 ஜேர்னல்களுக்கு அனுப்பினார் (304! அந்தப் பெயரிலேயே காட்ஸ் விளையாடுகிற நம்மூர் ஆட்கள் இந்த எண்ணை மறக்கவே மாட்டார்கள்). 157 ஏற்றுக்கொண்டன. பெரிய பதிப்பகங்களின் ஜேர்னல்களும் அதில் இருந்தன. மூலக்கூறு கொடுத்த கலங்களுக்குக் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு, ஒப்பீட்டுக்கு வைத்த கலங்களுக்கு அதைக் கொடுக்கவே இல்லை, அந்தப் பிழையைக்கூடப் பல ஜேர்னல்கள் கேட்கவில்லை. அப்படி ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பிழை தேடச் சொல்லுங்கள்.

பழைய_விரிவுரையாளர்:
தங்கச்சி, பட்டியலைப் பாடமாக்க வைக்க வேண்டாம். ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் போட்ட போலி ஜேர்னல் பட்டியலே 2017 ஜனவரியில் இணையத்தில் இருந்து எடுபட்டுப் போனது. அதோடு காட்களில் ஒன்றாவது உள்ளூர் ஜேர்னலாக இருக்கட்டும். வெப்சைட் பார்க்க அழுதுவடியும், ஆனால் மதிப்பாய்வு ஒழுங்காக நடக்கும், இலங்கை ஜேர்னல்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இதழ்கள் வரிசையாகக் கிடக்கும். பளபளப்பான போலி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முதலாவதைத்தான் பலர் போலி என்று தள்ளுவார்கள், அந்த இடத்தில் நின்று பேசுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறது என்றும் ஒருவர் சொல்வார். அது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எண் மட்டும்தான், தரத்துக்குச் சான்று இல்லை.

கொக்குவில்_லைப்ரரி:
சரி, மோசடிக் கடிதமும் உள்ளூர் ஜேர்னல் அட்டையும் கட்டாயம். கடிதம் எழுத நாற்பது நிமிடம் போதுமா?

பனங்கூடல்:
எழுத இருபதே காணும், மிச்சத்தைச் சண்டைக்கு விடுங்கள்.